காரையாற்றில் ஒரு தந்தூரிக் கடை

தொண்ணூறுகளின் நடுவில், திருநெல்வேலி வட்டாரத்தில் தீயில் வாட்டிய கறி எங்கே நன்றாக இருக்கும் என்று யாராவது கேட்டால் என்னைக் கைகாட்டினார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் விட்டுவிட்டோம். அதன்பிறகு லாரியில் கிளீனர், செங்கல் சூளை, சந்தையில் மூட்டை என்று எங்கும் ஒட்டாமல் சுற்றினேன். சுற்றுகிறவன் கடையில்தான் சாப்பிட்டாக வேண்டும். காசில்லாத நாட்களில் கடைக்கு எதிரே நின்று வாசனை பிடிப்பேன். அந்த வகையில், சாப்பிடாத கடைகளைப் பற்றியும் எனக்கு நல்ல அபிப்பிராயம் உண்டு.

வள்ளியூர்ச் சந்தைக்கு வெளியே ஒரு தள்ளுவண்டியில் காடை கிடைத்தது. பாதி எலும்பு, பாதி கேசரிப் பவுடர், மீதி காடை. பாளையங்கோட்டையில் குமாஸ்தாக்கள் கூடும் ஒரு கடையில் ஈரலைக் கம்பியில் குத்திச் சுட்டார்கள். மேலதிகாரியிடம் சொல்ல முடியாததையெல்லாம் அவர்கள் அந்த ஈரலைக் கடித்துத் தீர்த்துக்கொண்டார்கள்.

இந்தப் புகழைக் கேட்டுத்தான் அண்ணாச்சி என்னைத் தேடி வந்தார். பாளையங்கோட்டையில் மாமனாரின் பாத்திரக்கடையில் கல்யாணமான நாளிலிருந்து குடம் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தவர். ஒருமுறை கோயம்புத்தூருக்குப் போய் தந்தூரிக் கோழி தின்றுவிட்டு வந்தார். வந்ததும் ஒரு தார் டிரம்மை நெடுக்காக வெட்டி, மேலே கம்பி வலை போட்டு, இனிமேல் தனக்கு இதுதான் தொழில் என்றார். மாமனார் வாடிக்கையாளர்கள் முன்னாலேயே ஒரு நிபந்தனை வைத்தார்.

"மருமவனே, ஆடி அமாவாசைக்குக் காரையாத்துக்கு நாங்க எல்லாரும்தான் வாரோம். அங்கன உம்ம கடை முன்னால பத்துப் பேரு வரிசையில நின்னா நான் வாயத் தொறக்க மாட்டேன். நிக்கலைன்னா மறுநாளே இங்க வந்து குடத்தத் தொடைக்கணும்."

அண்ணாச்சி தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். பிறகு என்னை ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகக் கடை பார்த்தார். ஒவ்வொரு கடையிலும் மாஸ்டரிடம் மசாலா ரகசியம் கேட்பார். ஒருவர் பப்பாளிக்காய் என்றார், ஒருவர் புளித்த மோர் என்றார், கடுப்பான ஒருவர் சோடா உப்பும் வெல்லமும் என்றார். அண்ணாச்சி யாரையும் சந்தேகிக்கவில்லை. அத்தனையையும் ஒரே கோழியில் போட்டார்.

காரையாறு, பாபநாசத்துக்கு மேலே மலைக்குள் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு ஜனங்கள் அங்குள்ள கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்து, ஆற்றங்கரையில் குடில் போட்டுத் தங்கி, நேர்ந்துவிட்ட கிடாயை வெட்டி அங்கேயே சமைத்துச் சாப்பிடுவார்கள். இது வட்டாரத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். அண்ணாச்சியும் சிறுவயதிலிருந்து அங்கே தின்று வளர்ந்தவர்தான்.

"வாரவன் பூரா கிடாயோட வாரான் அண்ணாச்சி. அவன்கிட்டயா கறி விக்கப் போறீய?"

"ஏலே, மூணு நாளு ஆட்டுக்கறியே தின்னா நாக்கு செத்துப்போவும்லா. நாலாம் நாளு கோழிக்கு அலைவான்."

கிடாக்கறி சலித்துப்போன நெல்லைக்காரன் ஒருவனை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

ஐஸ் பெட்டியில் கோழிகள், மூட்டையில் கரி, தலைப்பாகை கட்டிய சேவல் படம் போட்ட பலகை, இவற்றோடு போய் இறங்கினோம். சாரல் விடாமல் அடித்தது. தலைக்கு மேலே ஒரு தார்ப்பாயைக் கட்டிக் கரியைப் பற்றவைத்தோம். ஆட்கள் வந்தார்கள், பலகையைப் பார்த்தார்கள், போனார்கள். ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று சேவலை உற்றுப் பார்த்தார்.

"இது எந்தச் சாமிவே?"

"சாமியில்ல, தந்தூரி" என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மாமனார் குடும்பம் வந்து சேர்ந்துவிட்டது என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அண்ணாச்சி கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார். பத்து வேண்டாம், ஒருவர்கூட நிற்கவில்லை. ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. அவர் முகத்தில் குடம் தெரிந்தது.

அப்போதுதான் ஒரு அக்கா, கையில் கிடாத்தலையும் நான்கு கால்களுமாக வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, தீ சும்மாதான கெடக்கு? எங்க விறகு நனைஞ்சு பொகையுது. இதக் கொஞ்சம் வாட்டித் தாங்களேன்."

தலையையும் காலையும் ரோமம் போகத் தீயில் வாட்டாமல் குழம்பு வைக்க முடியாது. மலையில் அன்று எல்லார் விறகும் ஈரம். காய்ந்த கரி இருந்தது எங்களிடம் மட்டும். அண்ணாச்சி பலகையைப் பார்த்தார், தலையைப் பார்த்தார், பிறகு வாங்கி வலைமேல் வைத்தார்.

அவ்வளவுதான். ஆளாளுக்குத் தலையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வரிசை ஆற்றுப் பாறை வரைக்கும் நீண்டது. நான் திருப்பிப்போட, அண்ணாச்சி கத்தியால் கருகலைச் சுரண்டினார். கூலியாக ஆளுக்கொரு கறித்துண்டு வைத்துவிட்டுப் போனார்கள். கோழி விற்க வந்த கடையில் ஆட்டுக்கறி குவிந்தது.

வரிசையின் கடைசியில் மாமனார் நின்றார், வேட்டியை மடித்துக்கட்டி, கக்கத்தில் ஒரு கிடாத்தலையோடு. மருமகனைப் பார்த்ததும் நேரே முன்னால் வந்தார்.

"என்ன மருமவனே இது? நான் சொன்னது திங்க வந்த கூட்டத்த."

"வரிசைன்னுதான் மாமா சொன்னிய. எண்ணிப் பாத்துக்கிடுங்க."

"சரி, இத வெரசா வாட்டிக் கொடும். அங்க மசாலா அரைச்சு வச்சிட்டு உக்காந்திருக்காவ."

அண்ணாச்சி தலைநிமிராமல் சுரண்டிக்கொண்டே சொன்னார். "வரிசையில வாங்க மாமா."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். மாமனார் அந்தத் தலையைக் கையில் பிடித்தபடி சாரலில் திரும்பி நடந்து, பழைய இடத்தில் போய் நின்றார். சொன்னபடி வாயைத் திறக்கவில்லை.

பிறகு அண்ணாச்சி எந்தக் குடத்தையும் துடைக்கவில்லை. டிரம்மை ஏற்றிக்கொண்டு, கோயில் கொடைத் திருவிழா நடக்கும் ஊருக்கெல்லாம் தலை வாட்டப் போனார். தலைப்பாகைச் சேவல் பலகையும் கூடவே போனது, கோழிதான் போகவில்லை. என்னையும் கூப்பிட்டார். ஒரே வேலையை நாளைக்கும் செய்ய வேண்டும் என்ற நினைப்பே எனக்கு ஆகாது.

அன்று மலையிலிருந்து இறங்கிய திருவிழா பஸ்ஸில் கால்வைக்க இடமில்லை. என் சட்டையில் கருகிய ரோம வாடை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து போனார், அவருக்குப் பின்னால் இன்னொருவரும் போனார். அந்த சீட் முழுவதும் எனக்கே கிடைத்தது. காலை நீட்டிக்கொண்டு திருநெல்வேலி வரைக்கும் நான் தூங்கினேன்.