கையில் கனத்த எஸ்.எஸ்.டி.

போன ஞாயிற்றுக்கிழமை ஷபானா கல்யாணப் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தாள்.

என் மனைவி ரஹ்மத் மட்டாஞ்சேரியில் பல வருடமாக வீட்டிலேயே தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள். வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் படிக்கிற பிள்ளைகளுக்கு. ஷபானா அதில் ஒருத்தி. ஒவ்வொரு பிள்ளையும் முதன்முதலாகத் தமிழ் வாசிப்பதை ரெக்கார்டு செய்து வைப்பது ரஹ்மத்தின் வழக்கம்.

“டீச்சர், நான் மொதல்ல வாசிச்ச ரெக்கார்டிங் வேணும். அதுல வாப்பா சத்தமும் உண்டு” என்றாள் ஷபானா.

அவள் வாப்பா மூன்று வருடம் முன்பு தவறிவிட்டார்.

ரஹ்மத் உற்சாகமாகக் கம்ப்யூட்டரைப் போட்டாள். ஷபானா பெயரில் ஃபைல் இருந்தது. ஆனால் திறக்கவில்லை. அடுத்த பிள்ளையுடையது திறந்ததா? அதுவும் இல்லை. நான் மெல்ல எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். தாகமெல்லாம் இல்லை, பயம்!

ஏனென்றால், நான்கு மாதம் முன்பு பழைய ஹார்ட் டிஸ்க் கரகரவென்று சத்தம் போட்டபோது, அதற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. வாங்கப் போனவன் நான்தான்.

எர்ணாகுளத்துக் கடைக்காரர் நல்ல மனிதர், அண்ணன் என்கிற மாதிரி என்னை ‘இக்கா’ என்றுதான் கூப்பிடுவார். “இக்கா, ஐந்நூறு ஜிபி மதி, அதுவே போதும். பில் உண்டு, வாரண்டியும் உண்டு” என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். அப்பளம் மாதிரி இருந்தது.

வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் முப்பது வருடம் மிளகு வியாபாரம் பார்த்தவன். சாக்கில் கைவிட்டு ஒரு பிடி அள்ளுவோம். கனத்தால் சரக்கு, கனக்காவிட்டால் பொக்கு. அந்தக் கை என்னை ஒருநாளும் ஏமாற்றியதில்லை. அந்தத் திமிரோடு இந்தப் பெட்டியையும் பொக்கு என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

திரும்பி வரும் வழியில் ஒரு பொருட்காட்சி ஸ்டால். நாலு மடங்கு இடம், பாதி விலை. பில் கேட்டேனா? இல்லை. கம்பெனி பெயரைப் பார்த்தேனா? அதுவும் இல்லை. கையில் எடுத்தேன் – கனமாக இருந்தது... போதாதா?

எல்லாவற்றையும் அதில் காப்பி செய்தேன். பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. பழைய டிஸ்க்கை அன்றைக்கே ஆக்ரிக் கடையில், அதாவது பழைய இரும்புக் கடையில், போட்டுவிட்டேன். வீடு சுத்தமாக இருக்க வேண்டுமாம்!

திங்கட்கிழமை வெட்கத்தை விட்டு அதே எர்ணாகுளம் கடைக்குப் போனேன். அவர் கழற்றிக் காட்டினார். உள்ளே நகம் அளவுக்கு ஒரு சிப். பக்கத்தில் பசை போட்டு ஒட்டிய இரும்புத் துண்டு.

“டூப்ளிகேட்டாணு இக்கா. இதுல கொஞ்சம்தான் கொள்ளும். நெறஞ்சதுக்குப் பிறகு பேரு மட்டும் காட்டும், உள்ள ஒண்ணும் உண்டாவில்ல.”

எஸ்.எஸ்.டி. லேசாகத்தான் இருக்குமாம். அதற்குள் சுற்றுகிற சாமான் எதுவும் கிடையாதாம். இது தெரிய ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்பது கௌரவக் குறைவு என்று நினைத்தேன். ஒரு தொழிலில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கிவிட்டால், எல்லாத் தொழிலிலும் நமக்குத் தெரியும் என்று தோன்றிவிடுகிறது... இல்லையா?

வீட்டில் ரஹ்மத் சத்தம் போடவில்லை. “பழசத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி ஒரு ஃபைலையாச்சும் தொறந்து பாத்தீங்களா?” என்று மட்டும் கேட்டாள். நான் பார்க்கவில்லை. நீங்கள் வாங்கினால் தெரிந்த கடையில், பில்லோடு, அளவாக வாங்குங்கள். பாதி ஃபைலையாவது திறந்து பாருங்கள். பழையதையும் வைத்திருங்கள். எனக்குத்தான் புத்தி தாமதமாக வந்தது.

புதன்கிழமை ஷபானா வந்தாள். நானே சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னேன்.

“சாரமில்ல மாமா” என்றாள். அவள் பரவாயில்லை என்பதை அப்படித்தான் சொல்வாள். சாயாவைக் குடித்து முடித்தாள். பிறகு கேட்டாள்:

“அன்னைக்கு நான் தப்பா வாசிச்சப்ப வாப்பா ஏதோ சொல்லிச் சிரிச்சாரு. நீங்களும் பக்கத்துல இருந்தீங்கள்ல மாமா... என்ன சொன்னாரு?”

யோசித்து யோசித்துப் பார்த்தேன். வரவில்லை. கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே என்று, நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவே இல்லை.