கனகத்தின் வீட்டுக்கு நான் மேசன்

இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். எட்டாம் வகுப்போடு மேசன் வேலைக்குப் போனவன் நான். கந்தோர் உத்தியோகத்தரைக் குறை சொன்னதாகிவிடுமோ என்ற பயமும் இருந்தது. பிள்ளையார்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

1. எனக்கு வீடில்லை

மட்டக்களப்பு ஆரையம்பதியில் எங்கள் வீட்டைச் சுனாமி அத்திவாரத்தோடு கொண்டுபோனது. உயிர்கள் மிஞ்சியது கடவுள் செயல். பகலில் வீட்டுத் திட்டத்தில் ஊரவருக்குச் சுவர் கட்டினேன். பொழுதுபட்டால் எனக்குத் தகரக் கொட்டில்.

"ஊருக்கெல்லாம் கல்வீடு, மேசனுக்குத் தகரமோ மச்சான்?" என்பான் கூட வேலை செய்த தம்பிராசா.

வீட்டுக்கு உதவி கேட்டுப் புளியந்தீவுக்குப் போய் ஒரு அரசாங்கக் கந்தோரில் நின்றேன். கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்த இளம் ஐயா கேட்டார்: "அழிஞ்ச வீடு யாருடையது?"

"மனிசிட வீடு சேர்."

"அப்ப உங்கட வீடு?"

"எனக்கு ஏது சேர் வீடு?"

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். தாய் மகளுக்குக் கொடுப்பாள். மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். அது அவருக்கும் தெரியும் என்று நினைத்தேன். அவர் 'வீடில்லாதவர்' என்று எழுதிவிட்டார். வீடே இல்லாதவருக்கு, அழிந்த வீட்டுக்கான உதவி கிடையாதாம்!

அடுத்தமுறை அவரே இரங்கினார். "குடும்பத் தலைவர் நீங்கதானே? வீடு உங்கட எண்டு சைன் வைங்க. வாற கிழமையே அத்திவாரம் வெட்டலாம்."

பேனை கையில் இருந்தது. மகளுக்குக் கல்யாணப் பேச்சு வந்திருந்தது. கொடுக்க வீடு வேண்டும். ஆனால் பொய் சொல்லி வாங்கிய வீட்டில் எந்த முகத்தோடு சாமிக்கு விளக்கு வைப்பது? பேனையை வைத்துவிட்டு வந்தேன்.

மனைவி கனகம் ஏசுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள். "என்ட வீட்டுக்கு நீங்க ஏன் கதைக்கப் போனீங்க? நாளைக்கு நான் வாறன். நீங்க வாய் திறக்கப்படாது."

2. வீட்டுக்காரி

மறுநாள் கந்தோரில் கனகமே ஐயாவிடம் கதைத்தாள்: "தம்பி, கடல் கொண்டுபோனது என்ட வீடு. எங்கட அம்மா தந்தது. இந்த மனிசனையும் அம்மாதான் பார்த்துத் தந்தவ. இவரை மட்டும் கடல் வேணாமெண்டு விட்டிட்டு."

கந்தோரே சிரித்தது. ஐயாவும்தான்.

"அப்ப தலைவர் எண்டு யாரை எழுத?"

"அவரையே எழுதுங்க, சந்தோசப்படுவார். வீட்டை என்ட பேரில எழுதுங்க."

"அப்பிடிச் செய்ய எனக்கு அதிகாரம் இல்லையே அம்மா."

"அதிகாரம் உள்ளவரைக் கேளுங்க. நான் இருக்கிறன்."

அங்கிருந்த வாங்குப் பலகையில் அமர்ந்து வெற்றிலையை எடுத்தாள். அதன்பிறகும் மாதக்கணக்காக அலைந்தோம். கடைசியில் கிராம சேவகர் வந்து எங்கள் வழக்கத்தைச் சொல்ல, ஐயாவுக்கு மேலுள்ள பெரியவர் சம்மதித்தார். கனகத்தின் பேரில் வீடு வந்தது. நானே கட்டினேன்.

நாட்டில் சண்டை முடிந்த பிறகுதான் காணி உறுதிப் பத்திரம் கைக்கு வந்தது. மகளின் கல்யாணத்தன்று கனகம் வீட்டை அவளுக்குக் கொடுத்தாள். இப்போது கனகத்துக்கும் வீடில்லை. வீட்டின் பின்வளவில் நான் கட்டிய அறையில் இருவரும் சுகமாக இருக்கிறோம்.

நான் படித்தது இதுதான்: நம் வழக்கம் கந்தோருக்குத் தெரியும் என்று நம்பிப் போகாதீர்கள், வீட்டுக்காரியையும் கூட்டிப் போங்கள்.

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் உள்ளபடியே சொல்லுங்கள். கேட்கச் சுகமென்று 'மேசன் தன் வீட்டைக் கட்டினார்' என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள். அது கனகத்தின் வீடு. இப்போது மகளுடையது. நான் மேசன்.