ஜம்புநாதன் முடிச்சும் ஐந்து லாக்கும்

அமெரிக்காவின் எடிசனிலிருந்து யார் இந்தியா கிளம்பினாலும் பெட்டி கட்டித் தருவது ஜம்புநாதன்தான். நைலான் கயிறு குறுக்கே இரண்டு, நெடுக்கே ஒன்று, அதன் மேல் அவருடைய முடிச்சு. எந்த ஏர்போர்ட்டிலும் அது அவிழ்ந்ததாகச் சரித்திரம் இல்லை. மற்ற நேரத்தில் அவர் ஏதோ ஒரு கம்பெனியில் டேட்டாபேஸ் பார்த்தார். ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்பேர்ப்பட்டவர் கல்யாண நாளுக்காக ஈரி கால்வாயில் ஒல்லியாக நீண்ட வாடகைப் படகு ஒன்றை ஓட்டி வந்தார். கூடவே மனைவி பர்வதம், மகள் ஸ்ம்ருதி. எதிரே அடுத்தடுத்து ஐந்து லாக். லாக் என்றால் முன்னும் பின்னும் கதவு வைத்த பெரிய தண்ணீர்த் தொட்டி. படகு உள்ளே வந்ததும் கதவைச் சாத்தி, தண்ணீரை வடித்து, இரண்டு மாடி கீழே இறக்கி அனுப்புவார்கள். சுவரில் தொங்கும் கயிற்றைக் கையில் பிடித்து, இறங்க இறங்க விட்டுக்கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

"அப்பா, ஷீட் சேஸ் டோன்ட் டை இட். ஜஸ்ட் ஹோல்ட்." படகோடு கொடுத்த குறிப்புத் தாளை ஸ்ம்ருதி படித்துக் காட்டினாள்; கட்டக் கூடாதாம், பிடித்தால் போதுமாம்.

"அது கட்டத் தெரியாதவங்களுக்கு எழுதினதும்மா" என்று ஜம்புநாதன் கயிற்றைப் படகின் கொக்கியில் கட்டினார். அதே முடிச்சு.

தண்ணீர் இறங்கியது. படகின் ஒரு பக்கமும் இறங்கியது. கட்டிய பக்கம் மறுத்துவிட்டது. டம்ளர்கள் உருண்டன. புளியோதரை டப்பா மெல்ல வாசலை நோக்கிக் கிளம்பியது. மேலே லாக்கை இயக்குபவர் கத்திக்கொண்டே தண்ணீரை நிறுத்த ஓடினார். ஜம்புநாதன் முடிச்சில் நகத்தை வைத்தார், பிறகு பல்லை வைத்தார். தனக்கு நீச்சல் தெரியாது என்பது அப்போதுதான் அவருக்கு முழுசாக உறைத்தது.

"பர்வதம், இருபத்தாறு வருஷமா நீதானே பெட்டிய அவுக்கறே. சீக்கிரம் அவுத்து விடு."

பர்வதம் காய் நறுக்கும் கத்தியோடு வந்தாள். "நகருங்க." நாலே இழுப்பு. படகு தொப்பென்று தண்ணீரில் உட்கார்ந்தது.

ஜம்புநாதன் அறுந்த கயிற்றை எடுத்துப் பார்த்தார்.

"அப்போ மாம்பலம் வீட்டுல பெட்டி அவுக்கறப்ப... ஒவ்வொரு தடவையும் கத்திதானா?"

"பின்னே, உங்க முடிச்ச மனுஷங்க அவுக்க முடியுமா? எல்லார் வீட்லயும் கத்திதான். உங்க மனசு நோகுமேன்னு யாரும் சொல்றதில்ல."

வேறு சமயமாக இருந்தால் ஜம்புநாதன் இரண்டு நாள் சாப்பிட்டிருக்க மாட்டார். இப்போது அந்தக் கத்தியைப் பார்க்கப் பார்க்க அவருக்கு நெஞ்சு குளிர்ந்தது. மீதி நாலு லாக்கிலும், "விடுங்க, இன்னும் கொஞ்சம் விடுங்க" என்று பர்வதம் சொல்லச் சொல்லச் சமத்தாகக் கயிற்றை விட்டுக்கொண்டே வந்தார். ஐந்தாவதில் புளியோதரையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த மாதம் பக்கத்து வீட்டுப் பையன் வெங்கடாசலம் ஊருக்குக் கிளம்பியபோது ஜம்புநாதன் வழக்கம்போல் போய்ப் பெட்டி கட்டினார். முடித்துவிட்டு, "அங்க வீட்ல நல்ல கத்தி இருக்கில்ல?" என்றார்.

வெங்கடாசலம் அப்பாடா என்று சோபாவில் சாய்ந்தான். "தெரிஞ்சுபோச்சா, அங்கிள்?"