நாற்பத்தோராம் பக்கம்

என் ஆய்வேட்டுக்குக் கையெழுத்திட வேண்டிய துறைத்தலைவர் நெடுநெடுவென்று உயரம். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. ஒவ்வொரு பக்கத்தையும் திருப்பும் முன் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொள்வார். பாளையங்கோட்டையில் தலைமுறைகளாகப் புராட்டஸ்டன்ட் குடும்பம். நானோ சாத்தான்குளத்து ஆர்.சி. கத்தோலிக்கக் குடும்பம்; பள்ளி ஆசிரியை. அமெரிக்காவின் தொடக்க காலக் கத்தோலிக்கர்களைப் பற்றி எழுதியிருந்தேன். சமர்ப்பிக்க மறுநாள்தான் கடைசி நாள்.

“நாப்பதாம் பக்கத்துக்குப் பொறவு நாப்பத்திரண்டு வருதே டீச்சர். அமெரிக்காவுல மேரிலாந்து காலனிய உண்டாக்குனதே கத்தோலிக்கருங்க. அதிகாரம் புராட்டஸ்டன்ட் கைக்குப் போனதும் அவங்க ஓட்டுரிமையப் பறிச்சி, கோயிலையும் பூட்டுனாவள்லா. அது எங்க?”

“பையில இருக்கு சார். நீங்க சங்கடப்படுவியளோன்னு காலையில உருவிட்டேன்.”

கையை நீட்டினார். கொடுத்தேன். இரண்டு முறை வாசித்தார்.

“இதுக்கா பயந்திய? பாவம், வீட்டுக்குள்ள வச்சில்லா பூசை கண்டிருக்காவ. இன்னுங் கொஞ்சம் காட்டமாவே எழுதியிருக்கலாம்.”

தாளை அதன் இடத்தில் செருகிவிட்டுக் கையெழுத்திட்டார். விரலைத் துடைக்காமல் அவர் தொட்ட ஒரே பக்கம் அதுதான் என்பது பஸ்ஸில் உட்கார்ந்த பிறகே உறைத்தது.