மஞ்சள் கொடிக்காரர் லிபோரியோ

எங்கள் சிசிலி மலையூரில் லிபோரியோவுக்கு ரோடு போடுகிற வேலை. வருடம் முழுக்கத் தாரும் புழுதியுமாகத் திரிகிற மனுஷன், மே மாதத்தில் ஒருநாள் மட்டும் கடைவீதி வளைவில் மஞ்சள் கொடியோடு நிற்பார். அன்றைக்கு அவரைக் கையில் பிடிக்க முடியாது.

அந்த மோட்டார் பந்தயம் எங்கள் தாத்தாக்கள் காலத்தில் தொடங்கியது. இரண்டு போர்களுக்கு மட்டும் நின்றது, பஞ்சத்துக்குக்கூட நிற்கவில்லை. கார்கள் வாசலை உரசிக்கொண்டு பறக்கும். வழியில் ஆபத்து என்றால் லிபோரியோ கொடியசைத்து ஓட்டுநரை எச்சரிக்க வேண்டும். கடைசியில் பந்தயக் குழுவின் வண்டி வந்து பாதையைத் திறந்துவிடும். அதுவரை காத்திருக்க எங்கள் ஜனங்களுக்கு ஏது பொறுமை? கடைசிக் கார் போனதும் லிபோரியோ குஷியாகக் கொடியைத் தலைக்கு மேல் ஆட்டுவார். உடனே நாற்காலியும் ஒயினுமாக ஊரே நடுரோட்டில் இறங்கிவிடும். குழுவினரும் கண்டும் காணாமல் விட்டார்கள்.

அந்த வருடம் ஒரு கார் மலைக்கு மேலே உள்ள ஊரில் பழுதாகி நின்றுவிட்டதாக ரேடியோ சொன்னது. "அவன் இனிமே எங்க வரப்போறான்!" என்று நான்கூடச் சிரித்தேன். மற்ற கார்களெல்லாம் போய்விட்டன. எதிர்ச்சாரியில் சாப்பாட்டுக் கூடையோடு நின்ற லிபோரியோவின் மனைவி நீன்ஃபா கத்தினாள்.

"என்னய்யா மரமாட்டம் நிக்கிற? கொடியக் காட்டு, சோறு ஆறுது! இந்த ஆளோட எப்படித்தான் குப்பை கொட்டுறேனோ!"

"இருடி, மேல ஏதோ சத்தம் கேக்குது!"

பழுதான கார்தான், சரியாகி வந்துகொண்டிருந்தது. முன்னால் போன கார் ஒன்று வளைவில் எண்ணெயைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது, நாசமாய்ப் போக! லிபோரியோ பதறிப்போய் இரண்டு கையாலும் கொடியைத் தலைக்கு மேல் ஆட்டினார். எதிர்ச்சாரி மொத்தமும் ஆரவாரத்தோடு இறங்கியது. முதலில் இறங்கியவள் நீன்ஃபா.

"இறங்காதீங்க! ஐயோ, போடி உள்ள!"

பேண்டு வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்தது. யார் காதிலும் விழவில்லை.

கார் எண்ணெயில் வழுக்கிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. நீன்ஃபாவோடு இன்னும் பலர் செத்துப்போனார்கள். அத்தோடு பந்தயத்தை அரசாங்கம் நிறுத்தியது. ஊரில் சிலர், பாவிகள், "பந்தயத்துக்கே சமாதி கட்டின புண்ணியவான்" என்று லிபோரியோவின் காதுபடவே பேசினார்கள்.

விசாரணையில் நீதிபதி கேட்டார். "ஏன்யா கொடியை ஆட்டினீர்?"

"எண்ணெய் கிடந்துச்சுங்க. ஆட்டணும்னு சட்டம்."

"ஆட்டினா ஜனங்க இறங்குவாங்கன்னு தெரியாதா?"

"தெரியுங்க. ஆட்டலேன்னாலும் வண்டி வழுக்கி ஓரத்துல நின்னவங்க மேலதாங்க ஏறியிருக்கும். நான் என்ன செஞ்சிருக்கணும், நீங்களே சொல்லுங்கய்யா. சொல்லிட்டீங்கன்னா நான் வீட்டுக்குப் போயிருவேன்."

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அடுத்த சாட்சியைக் கூப்பிட்டார்கள். லிபோரியோ பதிலுக்காக அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.