ஏழாம் நாள் ரத்தம்

வாலை நேராக மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு பசுவிடம் பேசுவார் ஊசிக்காரர். “கொஞ்சம் பொறுத்துக்க தாயே. ஒரே நிமிஷம். உன் ரத்தத்தை வெச்சு நான் என்ன மாளிகையா கட்டப்போறேன்?” பசு ஒரு பின்னங்காலிலிருந்து இன்னொன்றுக்குப் பாரத்தை மாற்றும். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, வாலின் அடிப்புறத்துப் பள்ளத்தை விரலால் தடவுவார். வால் முளைக்கும் இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, இரண்டு எலும்புக்கு நடுவே ஊசி இறங்கும். அதன் பிறகு அவர் ஊசித்தண்டை இழுக்கிறாரா, சும்மா நிற்கிறாரா என்றே பார்ப்பவருக்குத் தெரியாது. அவ்வளவு மெதுவாக இழுப்பார். எட்டு மில்லி ரத்தம் ஏறுவதற்குள் பக்கத்துப் பசு இரண்டு வாய்த் தீவனம் தின்று முடித்துவிடும்.

நானூறு மாடுகள் கொண்ட அந்தப் பால்பண்ணையில் அவருக்கு ஊசிக்காரர் என்று பெயர். கறவை ஆட்கள் வைத்தது. வயது ஐம்பத்தைந்து, ஒடிசலான உடம்பு. இடது முழங்காலுக்குக் கீழே பிறைபோல ஒரு தழும்பு இருக்கிறது. “இது முன்னூத்திப் பன்னெண்டாம் நம்பர் மாடு போட்ட கையெழுத்து” என்று பெருமையாகக் காட்டுவார். இருபத்திரண்டு வருடமாகப் பின்பக்கம் நின்றே பழகியதால் எந்தப் பசுவின் முகமும் அவருக்குப் பிடிபடாது. “மூஞ்சியைக் காட்டி என்ன பிரயோஜனம்? வாலைக் காட்டுங்க, நம்பரைச் சொல்றேன்” என்பார். சொல்லியும் விடுவார்.

தினமும் காலையில் நகம் வெட்டுவார், வளர்ந்திருந்தாலும் வளராவிட்டாலும். காதில் எப்போதும் ஒரு பென்சில். மாதிரிக் குழாய்களை வைக்கும் உறைபெட்டியின் குளிரில் பேனா மை கலைந்துவிடும், பென்சில் எழுத்து நிற்கும் என்பது அவர் அனுபவம். பென்சில் தேய்ந்து விரற்கடை நீளம் ஆனாலும் எறிய மாட்டார். குளித்து, சோப்புத் தேய்த்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டு போனாலும் பேருந்தில் அவர் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும். அதில் அவருக்கு வருத்தமில்லை. காலை நீட்டி உட்கார்ந்துகொள்வார்.

கன்று போட்ட பசுவுக்கு ஏழாம் நாள் ஒருமுறை, பதினான்காம் நாள் ஒருமுறை, இருபத்தோராம் நாள் ஒருமுறை ரத்தம் எடுக்க வேண்டும். பேறுகாலத்தில் கருப்பைக்குள் கிருமி போவது சாதாரணம். பெரும்பாலான பசுக்கள் தாமாகவே தேறிவிடும். சிலவற்றுக்குச் சீழும் நாற்றமும் வெளியே வரும். அவை எப்படியும் யாராவது ஒருவர் கண்ணில் பட்டு, மருந்து பெற்றுப் பிழைத்துக்கொள்ளும். ஊசிக்காரரின் கவலையெல்லாம் மூன்றாவது வகையைப் பற்றியது. நன்றாகத் தின்னும், நன்றாகக் கறக்கும், வாலை ஆட்டி ஈயை ஓட்டும். உள்ளே மட்டும் புண் புகைந்துகொண்டே இருக்கும். எத்தனை முறை கருவூட்டினாலும் சினை நிற்காது. கடைசியில் ஒருநாள் பண்ணையிலிருந்து கழித்துக்கட்டும் மாடுகளின் பட்டியலில் அதன் எண் ஏறிவிடும்.

ரத்தக் குழாயோடு ஒரு படிவமும் போகும். அதில் ‘பார்வைக்கு’ என்று ஒரு கட்டம். அதை நிரப்புவது கொட்டகை மேற்பார்வையாளரின் வேலை. அந்த மனிதர் இருபது படிவங்களை ஒன்றாக அடுக்கி வைத்துக்கொண்டு, மாட்டுப் பக்கம் தலைகூடத் திருப்பாமல், ‘நலம், நலம், நலம்’ என்று எழுதித் தள்ளுவார். இந்த ஒரு சொல்லைக் கண்டால் ஊசிக்காரருக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறும்.

“நலம்னு எப்படிச் சொல்றீங்க?”

“பார்த்தாலே தெரியுதுல்ல? ஜம்முனு நிக்குது!”

“நிக்கும். நாமளும்தான் ஜம்முனு நிக்கறோம்.”

வழியில் யாராவது “என்ன, சௌக்கியமா?” என்று கேட்டால் அவர் பதில் “இன்னும் பரிசோதனை பண்ணலை.” கேட்டவர் சிரிப்பார். ஊசிக்காரர் சிரிக்க மாட்டார்.

அவர் நம்புவது ஒரு புரதத்தை. உடம்பில் எங்காவது அழற்சி உண்டானால் ஈரல் அதை ரத்தத்தில் கொட்டத் தொடங்கும். ஹாப்டோகுளோபின் என்பது அதன் பெயர். நலமான பசுவின் ரத்தத்தில் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நோய் கண்டுவிட்டால் ஓரிரு நாளில் பல மடங்கு ஏறிவிடும். பண்ணையின் மாட்டு மருத்துவரான டாக்டரம்மா அந்த முழுப் பெயரைச் சொல்லுவார். ஊசிக்காரர் ‘நம்ம கோள்சொல்லி’ என்பார். கொட்டகையின் கோடியில் ஆய்வகம் என்று இருக்கும் ஒற்றை அறையில், ரத்தம் உறையும்வரை குழாய்களை நிறுத்திவைத்து, சுழல் இயந்திரத்தில் சுற்றி, மேலே தெளியும் வைக்கோல் நிறச் சீரத்தைத் தனியே எடுத்து, சின்னச் சின்னக் குழிகள் கொண்ட தட்டில் இடுவார். மருந்து சேர்த்ததும் குழிகள் ஒவ்வொன்றாக நிறம் மாறும். எந்தக் குழி அதிகம் கறுக்கிறதோ அந்தப் பசு பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது.

“எங்கே வலிக்குதுன்னு இது சொல்லாது” என்று ஒருமுறை புதிதாக வந்த கறவையாளிடம் விளக்கினார். “மடியா இருக்கலாம், குளம்பா இருக்கலாம், கர்ப்பப்பையா இருக்கலாம். வலிக்குதுன்னு மட்டும் சொல்லும். அதுவே பெரிசுய்யா. மிச்சத்தை நாமதான் தேடணும்.” அப்படித்தான் டாக்டரம்மா முதலில் மடியைப் பார்ப்பார், அடுத்துக் குளம்பை, இரண்டிலும் ஒன்றுமில்லையென்றால் நீளக் கையுறை மாட்டிக்கொள்வார். போன கோடையில் இருநூற்று ஆறாம் எண் பசுவுக்கு மேற்பார்வையாளர் ‘நலம்’ போட்டு அடியில் கோடும் போட்டிருந்தார். குழி கறுத்தது. கையுறை சீழோடு வெளியே வந்தது. அன்று முழுவதும் ஊசிக்காரர் அந்தப் படிவத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தார். அந்தப் பசு இப்போது நாலு மாதச் சினை.

இத்தனை பசுக்களின் உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்கிறவருக்கு ஒரே ஒரு மகள். கல்யாணமாகி நாலு வருடம் ஆகிறது. ரயிலில் இரண்டு நாள் தூரத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் பதினொரு மணிக்கு ஃபோன் செய்வாள்.

ஃபோனில் முகம் தெரியாது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கே முகச்சவரம் செய்து, தலைவாரி, ஃபோனை மேசைமேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துவிடுவார். மணி அடித்தால் இரண்டாவது அடிக்குள் எடுப்பார். “நல்லா இருக்கேன்பா. நீங்க சாப்பிட்டீங்களா? மாத்திரை போட்டீங்களா? அம்மாகிட்ட குடுங்க.” மொத்தம் நாலு நிமிடம். அதற்குள் அவர் அவள் மூச்சைக் கவனிப்பார். பின்னால் குழாயில் தண்ணீர் விழுகிறதா, யாராவது நடமாடுகிறார்களா, கதவு மெல்லச் சாத்தப்படுகிறதா வேகமாக அடிபடுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். ஒன்றும் பிடிபடாது. ஃபோனை வாங்க வரும் மனைவி சிரிப்பாள். “இப்படி அழுத்தி வெச்சா காதுலேருந்து ரத்தம்தான் வரும், சேதி வராது.” பேசி முடித்ததும், நாட்காட்டியில் அன்றைய கட்டத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடுவார். இரண்டு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் கேள்விக்குறிகளாகவே நிற்கின்றன.

முன்பெல்லாம் அவள் கிழமை பார்த்துக் கூப்பிட்டவள் இல்லை. பேருந்தைத் தவறவிட்டால் கூப்பிடுவாள், அடுப்பில் பால் பொங்கினால் கூப்பிடுவாள், காரணமே இல்லாமல் கூப்பிட்டு “அப்பா, போர் அடிக்குது, ஏதாவது மாட்டுக் கதை சொல்லுங்க” என்பாள். அந்தக் குரலுக்காகத்தான் மனிதர் ஏங்கிக் கிடக்கிறார். அதைக் கெடுத்தது தானேதான் என்பதும் அவருக்குத் தெரியும்.

அவர் தொழிலில் ஒரு தவறு உண்டு. அவசரப்பட்டு ஊசித்தண்டை வேகமாக இழுத்தால் உள்ளே வரும் ரத்தத்தின் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். சுற்றி எடுத்துப் பார்த்தால் சீரம் வைக்கோல் நிறத்தில் இருக்காது, சிவந்து கிடக்கும். கோள்சொல்லியும் அந்தச் சிவப்போடு போய் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் எந்த அளவையும் நம்ப முடியாது. அந்தக் குழாயைத் தூக்கித்தான் போட வேண்டும். போதாக்குறைக்கு, வலித்த பசு ஒரு வாரத்துக்கு வாலைத் தொட விடாது.

கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் ஒரு சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது. “தலைவலிப்பா” என்றாள். இவர் விடவில்லை. “தலைவலியா? அழுதியா? மாப்பிள்ளை ஏதாவது சொன்னாரா? கை நீட்டினாரா? மறைக்காதே. சொல்லு. இப்ப சொல்லு!” மூச்சு விடாமல் கேட்டார். அவள் ஃபோனை வைத்த கையோடு மாப்பிள்ளையையே கூப்பிட்டு, அதே கேள்விகளை இன்னும் உரக்கக் கேட்டார்.

மறுநாள் மகள் பேசினாள். “உங்ககிட்ட ஒண்ணு சொன்னா அது என் கையை விட்டே போயிடுதுப்பா.” அவ்வளவுதான். அதன்பின் ஐந்து மாதம் அம்மாவோடு மட்டும் பேச்சு. பிறகுதான் இந்த ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடு. அன்றைக்கு என்னதான் நடந்தது என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. உண்மையிலேயே வெறும் தலைவலியாகவும் இருந்திருக்கலாம்.

இதை அவர் டாக்டரம்மாவிடம் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார், குழாய்களைத் துடைத்துக்கொண்டே. “அவசரப்பட்டு இழுத்துட்டேன் டாக்டரம்மா. சிவந்துபோச்சு.” டாக்டரம்மா அடுத்த குழாயை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

போன புதன்கிழமை பகல். காலையில் எடுத்த பதினெட்டுக் குழாய்களும் சுழல் இயந்திரத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. அது பழைய இயந்திரம். ஓடும்போது அறைக் கதவே அதிரும். மூடிமேல் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. ‘சுற்றும்போது நிறுத்தக் கூடாது. யாராக இருந்தாலும் சரி.’ பாதியில் நிறுத்தினால் சீரம் சரியாகப் பிரியாது என்பது அவர் கட்சி. ஒருமுறை டாக்டரம்மாவே நிறுத்தப்போய், இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தவர் இவர். ஏழு நிமிடம் பாக்கி இருக்கையில் மேசைமேல் ஃபோன் அடித்தது. மகள்.

புதன்கிழமை. பகல் பன்னிரண்டு மணி. முதல் மணி ஓய்வதற்குள் எடுத்துவிட்டார்.

“அப்பா.”

“சொல்லும்மா.”

“ஒண்ணுமில்லப்பா. சும்மாதான் கூப்பிட்டேன். வேலையா இருக்கீங்களா? ஏதோ இரைச்சலா இருக்கே.”

“மிஷின் சுத்துதும்மா.”

“ஓ. அப்ப சாயங்காலம் வேணா…”

“இல்லை, இல்லை. நான் இங்கேதான் இருக்கேன்.”

அவள் இணைப்பைத் துண்டிக்கவில்லை. என்ன ஆச்சு, எங்கே இருக்கே, யார் என்ன சொன்னாங்க என்று பழைய கேள்விகள் அத்தனையும் அவர் நாக்கு நுனிக்கு வந்து நின்றன. வாயை இறுக மூடிக்கொண்டார். மெல்ல முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுகிறாளா, விசும்புகிறாளா என்று இந்த இரைச்சலில் தெரியவில்லை.

“அப்பா… ஏதாவது மாட்டுக் கதை இருக்கா?” என்பது போல ஏதோ கேட்டது. அவள் அப்படித்தான் சொன்னாளா, இவர் காது அப்படிக் கேட்க ஆசைப்பட்டதா, அதுவும் தெரியவில்லை.

ஊசிக்காரர் ஃபோனைக் காதோடு அணைத்துப் பிடித்தபடி, மற்றக் கையை நீட்டி, தான் ஒட்டிய சீட்டுக்குக் கீழே இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.