ஹைன்கே தாமனின் கழிவுக்குழி

எங்கள் கடலோரச் சிற்றூரான வீபல்சீலின் துறைமுகத்தில், சுற்றுலாக்காரர்கள் வீடுபோல் தங்கிப் பயணிக்கும் கேம்பர் வேன்கள் வந்து நிற்கும் இடத்தைப் பார்த்துக்கொள்பவள் ஹைன்கே தாமன். வேன்காரர்கள் வேனுக்குள் இருக்கும் கழிவறைப் பெட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போகும் குழியை, முழங்கைவரை ரப்பர் உறை மாட்டிக்கொண்டு, காலையும் மாலையும் அவள்தான் கழுவுகிறாள். குழியின் விளிம்பில் அவர்கள் விட்டுப்போவதை எழுத எனக்குக் கை கூசுகிறது. அதைப் பார்த்த நாட்களில் என்னால் மீன் சாப்பிட முடிந்ததில்லை.

முன்பெல்லாம் அவள் வீட்டு மேசையில் இறால் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் உரிப்பது சுத்தமில்லை என்று தடை வந்தது. கணவன் யெல்டோ இறந்தபிறகு கிடைத்தது இந்த வேலை. "சுத்தமில்லைன்னு அதை நிறுத்திட்டு, இதைக் கழுவச் சொல்றாங்க" என்பாள். சொல்லும்போது சிரிக்கமாட்டாள்.

போன கோடையில் மழையே இல்லை. ஜூலையில் துறைமுகம் நாற ஆரம்பித்தது. அழுகிய முட்டையோடு மருந்துக்கடையைக் கலந்ததுபோல ஒரு வாடை. இறால் படகுக்காரர்கள் அந்தத் தண்ணீரையே மொண்டு தளம் கழுவினார்கள். நாங்கள் அந்த இறாலை வாங்கித் தின்றோம்.

ஓய்வுபெற்ற படகு கேப்டன் ஃபோக்கோ ஐல்ட்ஸ்தான் எங்கள் துறைமுகவாசிகள் சங்கத்துக்குத் தலைவர். அதன் கூட்டங்களுக்குக் குறிப்பெழுதுவது நான். அவர் தினமும் கடலணைமேல் நின்று எங்கள் ஊர் வணக்கம் சொல்லிக் குரல் கொடுப்பார்.

"மொய்ன், ஹைன்கே. உன் விருந்தாளிங்க நேத்து என்னத்தத் தின்னாங்க?"

கூட நிற்பவர்கள் சிரிப்பார்கள்.

"நீங்களே மோந்து சொல்லுங்க கேப்டன். உங்க மூக்குதான் ஊருக்கே பெரிசு."

நாற்றத்துக்குக் காரணம் ஹைன்கேயின் வேன் நிறுத்தம்தான் என்று, அதை மூடச்சொல்லி நகர மன்றத்துக்கு எழுதுவதா என்று வியாழக்கிழமை அவர் வீட்டுத் தேநீர் மேசையில் முடிவெடுப்பதாக ஏற்பாடு. நாங்கள் எழுதினால் மன்றம் மூடிவிடும். அறுபதைத் தாண்டிய ஹைன்கேவுக்கு இந்த ஊரில் வேறு வேலை கிடையாது.

அவள் திங்கட்கிழமையே வேன் நிறுத்தத்தின் வாசலுக்குச் சங்கிலி போட்டுவிட்டாள். "ஒரு வண்டியும் இல்லாமப் பாப்போம். அப்பவும் நாறினா யாரு மேல பழி போடுவீங்க?"

வேன்கள் போய்விட்டன. புதன்கிழமை காலை நாற்றம் இன்னும் தடித்திருந்தது. ஹைன்கே துறைமுகச் சுவரடியிலிருந்து என்னைக் கைகாட்டி அழைத்தாள். மழைநீர் வடிகாலின் வாயிலிருந்து நீலமாக ஒரு நீர் இறங்கிக்கொண்டிருந்தது. வேன் கழிவறையில் ஊற்றும் மருந்தின் நீலம். அதில் காகிதத் துணுக்குகள் மிதந்தன. காகிதம் மட்டுமல்ல.

"வண்டியே இல்லையே" என்றேன்.

"ஊருக்குள்ள ஒண்ணு நிக்குதே."

இரும்புக் கொக்கியால் வடிகால் மூடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டே சந்தில் ஏறினோம். எல்லாவற்றிலும் நீலம். நீலம் தெரிந்த கடைசி மூடி ஃபோக்கோவின் வேலியருகே இருந்தது. வேலிக்கு அப்பால் அவருடைய வெள்ளை வேன். மூடிக்கும் வேனுக்கும் நடுவே கல்தரையில் சொட்டிய நீலம் இன்னும் காயவில்லை.

வியாழக்கிழமை ஹைன்கேயும் வந்திருந்தாள். ஃபோக்கோவின் மனைவி கெசீனே தேநீர் ஊற்றினாள். ஃபோக்கோ கையால் எடுத்துப் போட்ட கற்கண்டு சூட்டில் வெடித்தது, மேலே விட்ட பாலாடை மெல்ல விரிந்தது. எங்கள் பக்கத்தில் விருந்தாளி கரண்டியைக் கோப்பைக்குள் வைக்கும்வரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். மூன்று கோப்பைக்கு முன் யாரும் வைப்பதில்லை. ஹைன்கே முதல் கோப்பையை உதட்டருகே கொண்டுபோகவே இல்லை. நிறைந்திருந்த தேநீருக்குள் கரண்டியை இறக்கினாள்.

கெசீனேயின் முகம் சிவந்தது. "என்ன ஹைன்கே, என் டீயில குறையா?"

"டீயில இல்லம்மா. கேப்டன், கற்கண்டை எடுத்துப் போட்டீங்களே, கை கழுவினீங்களா?"

அவள் பார்த்ததைச் சொன்னாள். நானும் பார்த்தேன் என்றேன்.

"வருஷாவருஷம் அங்கதான் ஊத்துறேன்" என்றார் ஃபோக்கோ. "துறைமுக மதகைத் திறந்தா, கடல் வத்துறப்ப எல்லாம் ஒரே இழுப்புல வெளியே போயிரும்."

"வாய்க்கால்ல தண்ணியில்லாம இந்த வருஷம் மதகே திறக்கலையே. கேப்டனுக்குத் தெரியாதா?"

கெசீனே கெண்டியை மேசையில் வைத்துவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினாள்.

"குழி அரைப் பர்லாங் தூரத்துல இருக்கு. அங்க போய்க் கொட்டினா என்ன?" என்று கெசீனே கேட்டாள்.

"பீப்பெட்டியைத் தூக்கிக்கிட்டு அந்த அரைக்கால் சட்டைக்காரனுங்களோட நான் வரிசையில நிக்கவா? ஊரே பார்க்கும்."

நானும் என் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தேன். மன்றத்துக்கு எதுவும் எழுத வேண்டாம் என்று முடிவானது.

சனிக்கிழமை சங்கிலி கழன்றது. வேன்கள் திரும்பின. பத்து மணிக்கு ஃபோக்கோ பெட்டியோடு வந்து நேராகக் குழியடிக்குப் போனார்.

"வரிசை அங்க இருக்கு கேப்டன்" என்றாள் ஹைன்கே.

அரைக்கால் சட்டை போட்ட ஒருவனுக்குப் பின்னால் போய் நின்றார். கடலணைமேல் ஆட்கள் சேர்ந்தார்கள். முறை வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கவிழ்த்தார். பாதி விளிம்பில் வழிந்தது.

ஹைன்கே குழாயை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "நீங்களே கழுவுங்க. நான் காலையில கழுவினேன்."